காலி மெஷினில் பன்னிரண்டு கிலோ

படுக்கையறையில் பால்கனிக் கதவோரம் கிடந்த எடை மெஷின் அன்று காலை பன்னிரண்டு கிலோ காட்டியது. அதன் மேல் யாரும் நிற்கவில்லை. ஒரு துண்டு, ஒரு பழைய பேப்பர்கூடக் கிடையாது. கையில் மனைவி ஜலஜாவுக்கான கஞ்சி டம்ளரோடு வந்த வரதராஜன், நெற்றியில் ஏற்றி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். வட்டக் கண்ணாடிக்குள் சிவப்பு முள் பன்னிரண்டில் அசையாமல் நின்றது.

பெருக்குகிற அம்மாள் துடைப்பத்தால் சக்கரத்தைத் தட்டிவிட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மெஷினின் முன்பக்கம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பல்சக்கரம் இருந்தது. அதை உருட்டினால் முள் முன்னும் பின்னும் போகும். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சக்கரத்தை உருட்டி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். பின்னால் கட்டிலில் ஜலஜா "ம்ம்" என்று முனகினாள். விழித்துக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைன்னா. வயித்துல யாரோ கிள்ளினாப்பல இருந்தது."

நாலு வாய் கஞ்சி குடித்தாள். ஐந்தாவது வாய்க்கு "நக்கோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள். வேண்டாம் என்று அவள் தமிழில் சொல்லி அவர் கேட்டதே இல்லை. சாயங்காலம் ஜன்னலைச் சாத்தப் போனபோது முள் மறுபடி பன்னிரண்டில் நின்றது.

வரதராஜனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பன்னிரண்டு அவரை ஏன் அப்படி உலுக்கியது என்பது புரியாது. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் பாதி வீடுகளுக்குச் சோறு போட்ட அந்த அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் முப்பத்து நாலு வருஷம் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவர் அவர். மீட்டர், கேஜ், தெர்மாமீட்டர், எது வந்தாலும், தப்புக் காட்டுகிறதா என்று பார்த்து, திருத்தி, பச்சை மையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார். வீட்டிலும் அதே கூத்துதான். சுவர்க் கடிகாரத்தில் ஸ்டிக்கர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியில் ஸ்டிக்கர், ஃபிரிட்ஜுக்குள் ஸ்டிக்கர். மகள் ஸ்ரீலேகா பத்து வயதில் ஒரு ஸ்டிக்கரை எடுத்து அம்மாவின் நெற்றியிலேயே ஒட்டிவிட்டாள். அடுத்த பரிசோதனைத் தேதி என்ற இடத்தில் 'தேவையில்லை' என்று அவரே சிரித்துக்கொண்டு எழுதினார். அதை ஜலஜா பீரோக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்தாள். இன்னும் இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, குளித்த பிறகு, காபிக்கு முன்னால், இருவரும் எடை பார்த்துக்கொள்வது அந்த வீட்டு வழக்கம். ஜலஜா முப்பது வருஷமாக ஐம்பத்தெட்டு கிலோ. தீபாவளி வந்தாலும் சரி, ஏகாதசி வந்தாலும் சரி, ஐம்பத்தெட்டு. ஆலையில் எல்லாக் கருவிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க மாறவே மாறாத ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதற்கு மாஸ்டர் என்று பேர். "எங்காத்து மாஸ்டர் நீதான்டி" என்பார். அவளும் பெருமையாக முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வாள்.

போன வருஷம் ஜூலையில் மெஷின் ஐம்பத்தாறு காட்டியது.

அவர் என்ன செய்தார்? மெஷினைத் திருத்தினார். சக்கரத்தை இரண்டு கிலோ முன்னால் உருட்டினார். மாஸ்டர் தப்பாகுமா? ஸ்பிரிங் பழசு, துரு ஏறியிருக்கும். ஒரு கருவி எந்த இடத்தில் பயன்படுகிறதோ அந்த இடத்தில் சரியாக இருந்தால் போதும் என்பது அவர் தொழில் நியாயம். காலியாக இருக்கும்போது இரண்டு கிலோ காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும், காலி இடத்தை யார் எடை போடப் போகிறார்கள்? அக்டோபரில் இன்னும் இரண்டு. டிசம்பரில் மூன்று. ஒவ்வொரு தடவையும் பச்சை மையில் புது ஸ்டிக்கர். இந்தக் கணக்கில் அவர் எடை எகிறிவிட்டது. தனக்குத்தான் தொப்பை போடுகிறது என்று நினைத்துக் காபியில் சர்க்கரையை நிறுத்தினார். அவள் கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தாள். அவர் பத்தியம் இருந்தார்.

மத்தியானங்களில் அவளுக்கு லேசாக உடம்பு சுட்டது. தெர்மாமீட்டர் ஒரு டிகிரி கூடக் காட்டுகிறது என்று ஸ்டிக்கர் ஒட்டினார். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனபோது தையல்காரனின் டேப்பைச் சந்தேகப்பட்டார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள், வெயில் என்றார். பிப்ரவரியில் கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே நர்ஸ் "ஐம்பத்தொண்ணு" என்று எழுதினாள். "உங்க மெஷினைக் கடைசியா எப்போ செக் பண்ணேள்?" என்று அவளிடம் சண்டைக்கு நின்றார். அந்தப் பெண் பக்கத்து அறையிலிருந்து வேறொரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதுவும் ஐம்பத்தொன்று.

கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்குப் பரவிவிட்டது. "ஜூலையிலேயே வந்திருந்தா?" என்று அவர் கேட்டபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், எடை மெஷினின் முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பியதுதான். மெஷினின் மேல் ஸ்டிக்கர் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டினார். பசை போகவில்லை. பிறகு நாலு மாதம் யாரும் அதில் ஏறவில்லை. ஜூன் மாதம் மருந்தை நிறுத்திவிட்டு, வலிக்கு மட்டும் சிரப் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பிய அன்று அங்கே அவள் எடை நாற்பத்தாறு.

முள் பன்னிரண்டு காட்டிய அன்று ராத்திரி அந்த எண் ஞாபகம் வந்தபோது வரதராஜன் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறும் பன்னிரண்டும் ஐம்பத்தெட்டு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அணைக்கத் தோன்றாமல் நின்றார்.

செவ்வாய்க்கிழமைதோறும் காஞ்சனா என்ற நர்ஸ் வருவாள். பையில் சின்ன டிஜிட்டல் மெஷின் வைத்திருப்பாள். ஜலஜாவைத் தாங்கி நிறுத்தி எடை பார்த்து, "நலபை நாலுகு, சார்" என்று தெலுங்கில் சொன்னாள். நாற்பத்து நாலு. போகும்போது பால்கனிப் பக்கம் பார்த்தாள். "மீ மெஷின் பாடைபோயிந்தி, சார். காலிலோ பத்னாலுகு சூபிஸ்தோந்தி."

கெட்டுப்போய்விட்டது, காலியிலேயே பதினாலு காட்டுகிறது என்கிறாள். தன் கருவியைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னால் மல்லுக்கு நிற்கிற வரதராஜன் அந்த ஊர் வழக்கில் "ஹவ்" என்று ஆமோதித்ததோடு சரி.

அன்றைக்குச் சாயங்காலம் தார்நாகாவிலிருந்து வைத்தியநாதன் வந்தார். அங்கே ஆராய்ச்சிக்கூடத்தில் செல்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். வரதராஜனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர். ஜலஜாவைப் பார்த்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வைத்தி, இது எப்படிடா வரது? ஒரு நாள் ஒரு பொழுது அவ வெளியில வாங்கிச் சாப்ட்டதில்லையே."

"வெளியிலேர்ந்து வந்தது இல்லைடா இது. அவளோட சொந்த செல்தான்." வைத்தியநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உடம்புல எல்லாமே ஒரு அளவுல நிக்கணும். சூடு, சர்க்கரை, உப்பு, எத்தனை செல் பொறக்கணும், எத்தனை சாகணும், எல்லாம். கொஞ்சம் ஏறினா இறக்கறதுக்கு ஆள் இருக்கு, இறங்கினா ஏத்தறதுக்கு ஆள் இருக்கு. ஒரு செல் வளர்ந்துண்டே போனா 'போதும், நிறுத்து'ன்னு சொல்றதுக்கு நூறு ஏற்பாடு. அந்த ஏற்பாடெல்லாம் ஒண்ணொண்ணாக் கெட்டுப்போனா, அந்த செல்லுக்குப் போதும்ங்கறதே கேக்காம போயிடறது."

"யாரு கெடுக்கறா?"

"அதுவேதான். சிக்னல் சரியாத்தான் வரது. அதைக் கேக்கற இடத்தைத் திருத்தி வச்சுடறது. எல்லாம் சரியா இருக்குன்னு நெனச்சுண்டு உடம்பு சும்மா இருந்துடறது."

வரதராஜன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் பச்சை மை ஒட்டியிருப்பதுபோல இருந்தது. வேட்டியில் தேய்த்தார். அதுவரை அழாதவர், சிநேகிதர் முன்னால் சின்னக் குழந்தை மாதிரி அழுதார். விஷயம் தெரியாத வைத்தியநாதன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. பகலெல்லாம் அறை மங்கலாகவே கிடந்தது. கீழே ஸ்கூல் பஸ் வந்து நின்று போகும் சத்தம், எதிர்வீட்டுக் குக்கர் விசில், பால்கனித் தகரத்தில் சொட்டும் தண்ணீர், இவற்றுக்கு நடுவே வரதராஜனின் காது ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருக்கப் பழகியது. அந்த மெஷினின் ஸ்பிரிங் அழுந்தும் 'கிறீச்' என்ற ஓசை. முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்ட ஓசைதான். யாரோ ஒரு காலை வைக்கிறார்கள். பிறகு இன்னொரு காலை.

மெஷினைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. முதலில் சாரல் என்று துடைத்தார். மறுநாள் குனிந்து பார்த்தபோது தட்டின் மேல் இரண்டு பாதங்களின் ஈரம். சின்னப் பாதங்கள். இரண்டாவது விரலின் அடியில் மட்டும் மெல்லிய கோடாக ஈரம் படாத இடம், மெட்டி போட்ட கால் பதிந்தால் விடுமே, அந்த இடம். ஜலஜாவின் மெட்டியைப் பிப்ரவரியிலேயே ஸ்கேனுக்காகக் கழற்றி பீரோவில் வைத்தாயிற்று. குளித்துவிட்டு வருகிறவளின் சந்தன சோப்பு வாசனை அங்கே மட்டும் நின்றது. கட்டில் பக்கம் வந்தால் டெட்டாலும் சிரப்பின் தித்திப்பு நெடியும்தான். அவளுக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டே நாளாயிற்று.

"ஏன்னா," என்றாள் ஜலஜா ஒரு மத்தியானம். "அந்த மூலையில யாரோ நிக்கறாளே, யாரு?"

"அங்க யாருமில்லையேம்மா."

"முதுகுதான் தெரியறது. தலையை ஈரத்தோட முடிஞ்சிண்டிருக்கா." கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எலும்பில் தோல் ஒட்டிய அந்த முகத்தில் ஓர் ஏக்கம் வந்தது. "நாளுக்கு நாள் நன்னாப் பூசினாப்பல ஆயிண்டு வரா. குடுத்து வச்சவ."

அவளைத் தூங்கவைத்துவிட்டு வரதராஜன் கருவிப் பெட்டியிலிருந்து குறடை எடுத்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தார். பதினேழு. திருடிக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. குறடால் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். இறுகிக் கிடந்தது. முழு பலத்தோடு திருப்பினார். பதினாறு. பதினைந்து.

"ஐயோ!"

கட்டிலிலிருந்து வந்த அந்தக் குரலில் குறடு கை தவறியது. ஜலஜா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். "விடுங்கோன்னா, வலிக்கறது. விடுங்கோ."

அவர் விட்டுவிட்டார். முள் தானாகவே பதினேழுக்குப் போய் நின்றது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். மத்தியானம் அவள் நெற்றி இருந்ததே, அந்தச் சூடு. அதன் பிறகு அந்தச் சக்கரத்தை அவர் தொடவில்லை. தூக்கி எறியலாமா என்றும் நினைத்தார். அவளிடமிருந்து போன பதினேழு கிலோவும் அங்கேதான் இருக்கிறது. அதை எப்படி எறிவது?

ஆகஸ்டில் முதல் ஞாயிறு வந்தது. காஞ்சனா கடைசியாகச் சொன்னது முப்பத்தொன்பது. முள் பத்தொன்பதில் நின்றது. புனேயிலிருந்து ஸ்ரீலேகா போன் செய்தாள். "அப்பா, ஈவ்னிங் ஃபிளைட். எட்டு மணிக்கு ஆத்துல இருப்பேன். அம்மாகிட்ட சொல்லு." சொன்னார். ஜலஜா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னிக்கு முதல் ஞாயித்துக்கிழமையோன்னோ?" என்றாள்.

"ஆமாம்."

"எடை பாக்கணுமே."

"வேண்டாம்டி."

"ஒரே ஒரு தரம். அதுல நிறுத்துங்கோ என்னை."

அவள் கேட்டு அவர் மறுத்த வழக்கம் இல்லை. தூக்கினார். கைக்குக் கனமே தெரியவில்லை. மெஷினை நெருங்க நெருங்க சோப்பு வாசனை. மழை இருட்டு. காலைத் தட்டின் மேல் வைத்ததும் அவள் உடம்பு சிலிர்த்தது. "வெதுவெதுன்னு இருக்கு," என்றாள். பால்கனிக் கதவின் கம்பியை அவள் பிடித்துக்கொண்டாள். அவர் கையைத் தளர்த்தினார். ஒரு வினாடி. இரண்டு.

கிறீச்.

முள் ஏறியது. முப்பது. நாற்பது. ஐம்பது. ஐம்பத்தெட்டு. நின்றது.

ஜலஜா குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. "பாத்தேளா? ஐம்பத்தெட்டு. எனக்கு ஒண்ணும் ஆகலை. வீணா எல்லாரையும் படுத்தி எடுத்துட்டேள்."

"ஹவ்," என்றார் வரதராஜன். "மாஸ்டர் ஆச்சே நீ."

"ஸ்டிக்கர் ஒட்டுங்கோ."

மேஜை இழுப்பறையில் ஸ்டிக்கர் இருந்தது. பச்சைப் பேனா எழுதவில்லை. உதறி உதறி எழுதினார். அவள் நெற்றியில் ஒட்டினார். கட்டிலில் கிடத்தினார். அவள் அவர் கையைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு ஏறி இறங்கியது. மெதுவாக இறங்கியது. பிறகு ஏறவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து. அது சரியான நேரம்தான்.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. ஸ்ரீலேகாவுக்குச் சொல்ல வேண்டும், வைத்திக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. மழை விட்டிருந்தது. எதிர்வீட்டில் டிவி ஓடும் சத்தம். கீழே யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறார்கள்.

பின்னால், பால்கனிப் பக்கம், கிறீச்.

திரும்பிப் பார்த்தார்.

தட்டு காலி. முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

எழுந்து போனார். கால் தானாகப் போயிற்று. முழங்காலில் உட்கார்ந்தார். சந்தன சோப்பு. ஈரத் தலைமுடியின் வாசனை. பயம்தான். ஆனாலும் இரண்டு கையையும் நீட்டித் தட்டின் மேல் வைத்தார். சுட்டது. உயிருள்ள சூடு.

கையின் மேல் ஏதோ ஏறியது.

பாதம். இன்னொரு பாதம். ஈரமாக. மிருதுவாக. விரலுக்கு நடுவே சில்லென்று மெட்டி.

"ஜலஜா," என்றார்.

முள் நகர்ந்தது. ஐம்பத்தொன்பது.

இந்த முள் ஏற வேண்டும், ஒரே ஒரு கிலோ ஏற வேண்டும் என்றுதான் பிப்ரவரியிலிருந்து அவர் வேண்டாத தெய்வமில்லை. அறுபது. ஏறட்டும். அறுபத்திரண்டு. ஸ்பிரிங் முனகியது. விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. அறுபத்தாறு.

"போதும்மா," என்றார்.

எழுபது.

"போதும். ஜலஜா, போதும்."

எழுபத்தைந்து. மெஷினின் அடியில் டைல்ஸ் விரிசல் விட்டு, ஒரு கோடு கட்டிலை நோக்கி ஓடியது. கட்டிலில் அவள் நெற்றியில் பச்சை மை காயாத ஸ்டிக்கரோடு படுத்திருந்தாள். எண்பது. தலைக்கு மேலே ஈர முடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் அவர் பிடரியில் விழுந்தது. வெதுவெதுப்பாக. எண்பத்தாறு. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தொண்ணூறு.

கையை எடுக்கவும் இல்லை.